ஆரஞ்சு அலர்ட் அன்று நான் சொன்ன பொய்கள்

காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள், நடுவில் சிரித்தால் புரை ஏறும். நான் முப்பது வருடமாகக் கணக்கு டீச்சர். நிரூபிக்காத எதற்கும் இன்றுவரை மார்க் போட்டதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து மாடிக் கழிப்பறையில் யாரோ விசும்புகிறார்கள் என்று பிள்ளைகள் ஒரு மாதம் அந்தப் பக்கமே போகாமல் அடக்கிக்கொண்டு கிடந்தபோது, ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்து, விசும்புவது குழாயின் பழைய வாஷர் என்று கண்டுபிடித்து, பிளம்பரைக் கூப்பிட்டுப் பேயை ஓட்டியவள் நான். அப்பேர்ப்பட்டவள் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் கடைசியில் ஒரு வேலை தருகிறேன்.

எங்கள் டீச்சர்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, பெயர் 'ஞாயிறு நடை'. மொத்தம் ஆறு பேர். போன ஜூன் மாதம் எங்கள் திருவனந்தபுரத்திலிருந்து மலைப்பக்கம், வித்துராவுக்கு மேலே ஓர் எஸ்டேட் ரோடு வழியாக அருவி வரை நடக்கலாம் என்று முடிவு செய்தோம். சனிக்கிழமை சாயங்காலம் கனமழைக்கு ஆரஞ்சு அலர்ட் என்று செய்தி வந்ததும் ஒவ்வொருத்தராகக் கழன்றுகொண்டார்கள். ஒருத்திக்கு மாமியாரின் முட்டி, ஒருத்திக்குத் தன் முட்டி, ஒருத்தி வீட்டுப் பூனை குட்டி போடப் போகிறது. எனக்கு வந்த கோபத்தில் 'ஆரஞ்சு என்றால் சிவப்பு இல்லை' என்று குழுவில் எழுதிவிட்டேன். எழுதிவிட்டால் போகத்தானே வேண்டும்? புருஷனா பிள்ளையா, தடுக்க வீட்டில் ஆள் கிடையாது. ஐம்பத்து நாலு வயது, தனிக்கட்டை, காலையில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

வித்துராவில் இறங்கி ஒரு ஜீப்பில் எஸ்டேட் கேட் வரை போய், அங்கிருந்து நடை. ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்த மலைப்பக்கம் பழைய பங்களா ஒன்று இருக்கிறது, யூடியூப் பையன்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு பேயைத் தேடிப் போவார்கள். அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது, மழை அப்படி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாலும் ஒன்றுதான், போட்டாலும் ஒன்றுதான். ரெயின்கோட்டின் கழுத்து வழியாக உள்ளே போன தண்ணீர் பேண்ட் வழியாக வெளியே வந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நின்று கணுக்காலில் ஒட்டிய அட்டைகளுக்கு உப்புத் தூவினேன். ஒரு சின்ன ஓடையைத் தாண்டும்போது கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன், பையின் வாய் திறந்து டிபன் பாக்ஸ் மிதந்து போய்விட்டது. அதில் புளியோதரை, கூடவே வறுத்த அப்பளம் இருந்தது. அது ஒரு பாறையில் முட்டி, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போவதைப் போல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிற்று. செல்போனும் நனைந்து செத்துவிட்டது. திரும்பிப் போகலாம் என்று மனசு சொன்னது, குழுவில் எழுதியதை நினைத்து நடந்தேன்.

பதினொன்றரை மணி இருக்கும், லயம் தெரிந்தது. லயம் என்றால் எஸ்டேட் கூலிக்காரர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய வரிசை வீடு, ஒரே தகரக் கூரைக்குக் கீழே பத்துக் கதவு. ஏழு கதவு பூட்டிக் கிடந்தது. கடைசிக் கதவிலிருந்து ஒரு அம்மாள் குடையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தாள்.

"அக்கா! வழி தெரிஞ்சுதா? இந்த மழையில நீங்க வரமாட்டீங்கன்னு இவரு சொல்லிட்டே இருந்தாரு. நான்தான் வருவாங்கன்னேன்!"

மலையில் இருப்பவர்கள் மனசு எவ்வளவு பெரியது பார், வழிப்போக்கரைக்கூட இப்படி அழைக்கிறார்களே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே கொண்டுபோய்த் துவட்டத் துண்டு கொடுத்தாள், கட்டிக்கொள்ளத் தன் சேலையைக் கொடுத்தாள், என் பேண்டையும் சட்டையையும் பிழிந்து விறகடுப்புக்கு மேலே கயிற்றில் போட்டாள். பெயர் பொன்னுத்தாய். அப்பன் பாட்டன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், எங்கள் குடும்பம் மாதிரியே. அவள் வீட்டுக்காரர் தங்கராசு கதவோரம் நின்று எதற்கெடுத்தாலும் "ஆமா, ஆமா" என்றார். சூடாகப் பாலில்லாத கட்டன் சாயா வந்தது, கேசரி வந்தது, வாழைக்காய் பஜ்ஜி வந்தது. நான் கேள்வியே கேட்கவில்லை. என் டிபன் பாக்ஸ் இந்நேரம் எந்த அணையில் கிடக்கிறதோ, நான் மூன்றாவது பஜ்ஜியில் இருந்தேன்.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து ஒரு பெண் பட்டுச்சேலை கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்து என் காலில் விழுந்தாள்.

பஜ்ஜி தொண்டையில் நின்றுவிட்டது. பொன்னுத்தாய் சொல்லச் சொல்லத்தான் விஷயம் புரிந்தது. பெண் பெயர் சுகன்யா, வித்துராவில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மாப்பிள்ளை அனீஷ் திருவனந்தபுரத்தில் ஏ.சி. மெக்கானிக். பையனுக்குத் தாய் இல்லை, மூன்று வருஷம் முன்னால் போய்விட்டாள். அதனால் அவன் அப்பா, 'முதல்ல என் தங்கச்சி தனியா வந்து பொண்ணைப் பார்க்கட்டும், அவ பூ வச்சா எனக்குச் சம்மதம்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நம் பக்கத்து வழக்கம்தானே, வீட்டுப் பொம்பிளை ஒருத்தி முதலில் சத்தமில்லாமல் வந்து பார்த்துவிட்டுப் போவது. தங்கச்சி ஆபீஸில் வேலை பார்ப்பவள், கல்யாணம் ஆகாதவள், பேண்ட் போட்டு ஸ்கூட்டர் ஓட்டுபவள் என்று சொல்லியிருந்தார்களாம். மழையில் பேண்ட் போட்டுக்கொண்டு ஒருத்தி தன்னந்தனியாக வந்தால் வேறு யாராக இருக்க முடியும்?

அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் துணி கயிற்றில், வெளியே அந்த மழை, கொல்லையில் எனக்காக ஒரு கோழி அப்போதுதான் உயிரை விட்டிருந்தது. அதோடு அந்த அம்மாள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆளைத் தெரியாமல் உபசரித்துவிட்டோம் என்று தெரிந்தால் அவமானத்தில் செத்துவிடுவாள். சரி என்று தலையாட்டினாலோ, யாரோ பெற்ற பெண்ணின் வாழ்க்கையை ஒரு தட்டுக் கேசரிக்கு நான் முடித்து வைத்தவளாவேன். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வேன், நேர்வழி அடைத்தால் எதிர்மறையாக நிரூபி என்று. பையனைப் பற்றி நாலு குறை சொல்வோம், அவர்களே வேண்டாம் என்று மரியாதையாக மறுக்கட்டும், நாமும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று முடிவு செய்தேன்.

"பையன் குணம் எப்படிக்கா?" என்றாள் பொன்னுத்தாய்.

"மறைச்சு என்ன ஆகப்போவுது, அவனுக்கு இடது காது கேக்காது" என்றேன். "சின்னதில கோயில் வெடிவழிபாடு நடக்கிற இடத்தில போய் நின்னுட்டான். யாருக்கும் தெரியாது. ஆளுங்களுக்கு இடப்பக்கமா உக்காந்தே சமாளிச்சிருவான்."

பொன்னுத்தாய் கொஞ்சம் யோசித்தாள். "அதுக்கென்னக்கா, இவருக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் இருக்கு. நான் சொல்றது என்னிக்குக் கேட்டிருக்கு?"

தங்கராசு "ஆமா, ஆமா" என்றார்.

சரி, அடுத்த குண்டு. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான் என்றேன். அதே நேரத்தில் வெளியே ஒன்று இடித்தது, சுகன்யா துள்ளிப் போய் அம்மாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோபம் வந்தால் சண்டை போடமாட்டான், மூன்று நாள் வாயைத் திறக்காமல் பைக்கையே கழுவிக்கொண்டிருப்பான் என்றேன். "பைக்காவது சுத்தமாகும்" என்றாள் அந்தப் பெண். கடைசியாகப் பெரிதாக ஒன்றை எடுத்தேன். ஐ.டி.ஐ. பரீட்சையில் தோற்றுப் போனதை வீட்டில் சொல்லாமல், மூன்று மாசம் தினமும் சோற்றைக் கட்டிக்கொண்டு கிளம்பி, சங்குமுகம் கடற்கரையில் போய் உட்கார்ந்திருந்தான் என்றேன்.

இங்கேதான் ஒரு விஷயம். இதெல்லாம் நான் யோசித்துச் சொல்லவில்லை. எனக்குக் கற்பனை கிடையாது, பள்ளி ஆண்டுமலருக்கு என்னிடம் கட்டுரை கேட்பதையே விட்டுவிட்டார்கள். ஆனால் அன்றைக்குக் குழாயைத் திறந்த மாதிரி வந்தது. கடற்கரை விஷயத்தைச் சொல்லும்போது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "அந்தச் சோத்தை அவன் தின்னக்கூட இல்ல, காக்காய்க்குப் போட்டான், நான் விடிய நாலு மணிக்கு எந்திரிச்சுப் பொங்கின சோறு" என்று சொன்னேன், சொல்லும்போதே கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பஜ்ஜிக்கு வைத்த சட்னியில் மிளகாய் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அத்தை எதற்காக நாலு மணிக்கு எழுந்து பொங்க வேண்டும் என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

என் திட்டம் அடியோடு கவிழ்ந்துவிட்டது. "இத்தனை வருஷத்தில பையன் வீட்டுக்காரங்க ஒருத்தர் உள்ளதை உள்ளபடி சொல்லி நான் கேட்டதே இல்ல" என்று பொன்னுத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சுகன்யா என்னைப் பார்த்து, "காக்காய்க்குப் போட்டாரா, பாவம்" என்றாள். தோவாளையிலிருந்து வரவழைத்திருந்த பிச்சிப்பூச் சரத்தை வாழையிலையோடு என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள்.

அப்போதாவது வாயைத் திறந்து ஓர் உண்மை சொன்னேன். "எனக்குக் கல்யாணம் ஆகலம்மா. நான் பூ வைக்கக் கூடாது."

"அது தெரியுமேக்கா. மனசு நல்லாயிருந்தா போதாதா?"

உங்களிடம் சொல்வதற்கென்ன. என் தங்கைகளுக்கு, தங்கை பெண்களுக்கு, பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு என்று எத்தனையோ நல்ல காரியங்களில் பந்தி விசாரித்திருக்கிறேன், பாத்திரம் எண்ணியிருக்கிறேன். 'நீ வந்து பூ வை' என்று ஒருத்தரும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை என்றுதான் முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சரத்தை எடுத்தேன், அவள் தலையில் வைத்துவிட்டேன்.

மழை கொஞ்சம் விட்டதும் கோழிக்குழம்பின் தெம்பில் ஓட்டமாக இறங்கி வந்துவிட்டேன். அருவியைப் பார்க்கவே இல்லை. செல்போன் காய்ந்து உயிர் வந்ததும் குழுவில் 'அருமையான காட்சி' என்று மட்டும் போட்டேன். ஆனால் அந்த வாரம் எனக்குத் தூக்கம் போய்விட்டது. என் வாயால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, இல்லாத குறையெல்லாம் சுமத்தி ஒரு பையனை நான் அசிங்கப்படுத்தியிருக்கிறேன். இரண்டில் எது பெரிய பாவம் என்று கணக்குப் போட்டுப் போட்டு விடை வரவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு கிலோ அல்வா வாங்கிக்கொண்டு, காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று மறுபடி மலையேறினேன். மழை அன்றைக்கும் குறையில்லை.

கதவைத் தாண்டியதும் பார்க்கிறேன், கட்டிலில் பேண்ட் போட்ட ஒரு அம்மாள் ஈரத்தலையோடு உட்கார்ந்திருக்கிறாள். நிஜமான அத்தை, கோமதி. போன ஞாயிறு ரோட்டில் மரம் விழுந்து பாதி வழியில் திரும்பிப் போயிருக்கிறாள். மறுநாளே தங்கராசு பையனின் அப்பாவுக்குப் போன் போட்டு 'அக்கா பூ வச்சிட்டாங்க' என்று சந்தோஷமாகச் சொல்ல, அங்கே அண்ணன் தங்கைக்குள் ஒரு வாரமாகச் சண்டை. விசாரிக்க நேரிலேயே வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து நான் அல்வாவோடு நுழைகிறேன்.

"ஓ, இவங்கதானா? நீங்க ஆரு? எந்த வீட்டு ஆளு? கல்யாணத்தைக் கலைக்க ஆரு அனுப்பினது, பறயணும்!" கோமதிக்கு ஆத்திரத்தில் பாதி மலையாளம் வந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். டிபன் பாக்ஸ் மிதந்து போனதிலிருந்து சொன்னேன். குறைகள் எல்லாம் நானே இட்டுக்கட்டியது, பையன் தங்கமானவன், தயவுசெய்து நம்புங்கள் என்று கும்பிட்டேன். பொன்னுத்தாய் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கோமதி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்துவதை நிறுத்திவிட்டாள்.

"இடி விஷயம் வீட்டில எல்லார்க்கும் தெரியும். பைக் கழுவறது தெருவுக்கே தெரியும்" என்றாள். "காதும் கடற்கரையும் நான் கேட்டதே இல்ல. அது பொய்யாத்தான் இருக்கணும்."

"போன் போட்டுக் கேட்போம்" என்றாள் சுகன்யா.

அங்கே சிக்னல் கிடைப்பது லயத்துக்குப் பின்னால் ஒரு பாறை மேல் மட்டும்தான். கொட்டுகிற மழையில் ஐந்து பேர், இரண்டு குடை, ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு பாறையில் ஏறினோம். எனக்குப் பின்னால் தங்கராசு, 'வழுக்கினா நீங்க அவர் மேல விழுங்க' என்று பொன்னுத்தாய் அந்த நேரத்திலும் அக்கறையாகச் சொன்னாள். சுகன்யா ஸ்பீக்கரில் போட்டாள். அவன் 'இல்லை' என்றால் நான் பொய்க்காரி, அதோடு விஷயம் முடிந்துவிடும். 'இல்லை' என்று சொல்லேன் அப்பா என்று வேண்டிக்கொண்டேன்.

"உங்களுக்கு இடது காது கேக்காதா?" என்றாள் அவள்.

"கேக்காது" என்றான். "யாரு சொன்னா?"

"ஐ.டி.ஐ.க்குன்னு சொல்லிட்டுக் கடற்கரையில உக்காந்திருந்தீங்களா? சோத்தைக் காக்காய்க்குப் போட்டீங்களா?"

"ஐயோ, அது ரெண்டும் அம்மாட்ட மட்டுந்தானே சொன்னேன்" என்றான். பிறகு குரல் மாறிவிட்டது. "அம்மா... திட்டினாங்களா?"

சுகன்யா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "திட்டினாங்க. அழுதுக்கிட்டே திட்டினாங்க" என்றாள். அந்தப் பக்கம் அவன் அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை. அவள் போனை ஸ்பீக்கரிலிருந்து எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, எங்களை இறங்கிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். அரைமணி நேரம் அந்த மழையில் தனியாக நின்று பேசிவிட்டு வந்து, எனக்குச் சம்மதம் என்றாள். கோமதி அல்வாப் பெட்டியைப் பிரித்து, முதல் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். பயத்தில் நீட்டினாளோ மரியாதையில் நீட்டினாளோ, நான் வாங்கித் தின்றுவிட்டேன்.

ஆவணியில் வித்துராவில் கல்யாணம். பையனை அப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன். ஒல்லி, காதோரம் ஒரு நரை. பந்தியில் எனக்கு இடப்பக்கமாக வந்து உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல், "டீச்சர், அம்மா பீரோ சாவியை எங்க வச்சாங்க?" என்றான். மூன்று வருஷமாகத் தேடுகிறார்களாம். அப்பா உடைக்கச் சொல்கிறார், இவன் விடமாட்டேன் என்கிறான். "தம்பி, நான் கணக்கு டீச்சர். எனக்கென்ன தெரியும்" என்றேன். அவனும் சிரித்துவிட்டுப் போய்விட்டான். நானும் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு வந்து சேர்ந்தேன். அத்தோடு தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன்.

மறு வாரம் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், பட்டப்பகல், ஸ்டாஃப் ரூமில் மின்விசிறிக்குக் கீழே. முக்கோணவியல் கணக்கு, பிள்ளை பாதியில் விட்டிருந்தாள். ஓரத்தில் சிவப்பு மையில் 'படிகள் எங்கே?' என்று எழுதினேன். எழுதினேன் என்றுதான் நினைத்தேன். மார்க் கூட்டும்போது பார்க்கிறேன், என் கையெழுத்தில், என் பேனாவில், 'தையல் மெஷின் இடது டிராயர், நூல்கண்டு டப்பாவுக்கு அடியில்' என்று இருக்கிறது. எனக்குத் தைக்கத் தெரியாது. என் வீட்டில் தையல் மெஷினே கிடையாது. அந்தப் பிள்ளைக்கு விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்க முடியாமல், கரையான் தின்றுவிட்டது என்று சொல்லி முழு மார்க் போட்டேன். என் சர்வீஸிலேயே நிரூபிக்காத கணக்குக்குப் போட்ட ஒரே முழு மார்க்.

இதோ, மடித்து வைத்திருக்கிறேன், பாருங்கள். வருகிற வெள்ளிக்கிழமை பூட்டு உடைக்க ஆள் வருகிறானாம், சுகன்யா சொன்னாள். அனீஷ் நம்பர் என்னிடம் இருக்கிறது. பத்து தடவை எடுத்துவிட்டேன், விரல் போகவில்லை. அங்கே சாவி இல்லையென்றால் எனக்கு நிம்மதி. இருந்துவிட்டால், அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குப் பூ வைத்தது யார் என்று எனக்குத் தெரிந்துபோகும். அந்த ஒன்றையாவது நான்தான் செய்தேன் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவு நேரம் சிரித்தீர்களே, உங்களுக்குத்தான் இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாதே. இந்தாருங்கள் போன், நம்பரும் எடுத்து வைத்துவிட்டேன், நீங்களே கேட்டுவிடுங்கள். பச்சைப் பொத்தானை அமுக்கினால் போதும்.

கையை ஏன் பின்னால் இழுக்கிறீர்கள்?